தோ, நோ, குந்து

"எங்க நாய்க்கு இங்கிலீஷ்தான் சார் புரியும். தமிழ்ல சொன்னா திரும்பிக்கூடப் பாக்காது." வேலூர் பக்கம், காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் நாய் வளர்க்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. பெருமைக்காகச் சொல்வதில்லை. அவர்கள் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறார்கள். "சிட்" என்றால் நாய் உட்காருகிறது, "உக்காரு" என்றால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் இந்தப் பேச்சு மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது. ஊர்ப்பக்கம் போனால் லட்சுமி என்று கூப்பிட்டதும் பசு தலையைத் திருப்புகிறது. "பா பா பா" என்றதும் கோழி முறத்தடிக்கு ஓடி வருகிறது. வண்டி மாடு வண்டிக்காரரின் வாய்ச் சத்தத்துக்கு நடக்கிறது, நிற்கிறது. இவ்வளவு ஜீவன்களுக்கும் புரிகிற தமிழ் நாய்க்கு மட்டும் எப்படிப் புரியாமல் போகும்?

காரணம் நாயிடம் இல்லை, வீட்டில் இருக்கிறது. "சிட்" என்ற சொல்லை அந்த வீட்டில் நாயைத் தவிர யாரிடமும் யாரும் சொல்வதில்லை. சொல்லும்போது ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள், பெரும்பாலும் கையில் ஒரு துண்டு தீனியோடு. "உக்காரு" அப்படியில்லை. வந்தவர்களிடம் "உக்காருங்க", பிள்ளையிடம் "உக்காந்து எழுது", பேரனிடம் "ஒரு எடத்துல உக்கார்றியா", பிறகு நாயிடம் "உக்காருடா செல்லம்". தமிழ் வினைச்சொல் வாலை மாற்றிக்கொண்டே போகும். நமக்கு அதன் வேர் ஒன்று. நாய்க்கு வேர் கிடையாது, சத்தம்தான் உண்டு. வா, வாடா, வாம்மா, வந்துடு, வர்றியா இல்லியா என்று ஐந்து விதமாகச் சொன்னால் அதற்கு அது ஐந்து சத்தம். அதில் நாலு அதன் தலைக்கு மேலே சும்மா பறந்துபோன சத்தங்கள். இங்கிலீஷ் ஜெயிப்பது மொழியால் இல்லை, நம் வாயில் அது குறைவாகப் புழங்குவதால்.

நாய்க்கு எவ்வளவு சொல் பிடிபடும் என்பதில் இப்போது பெரிய சந்தேகம் கிடையாது. ஜெர்மனியில் ரிக்கோ என்ற பார்டர் காலி நாய்க்கு 200க்கு மேற்பட்ட பொருள்களின் பெயர் தெரியும் என்று 2004இல் சோதித்து எழுதினார்கள். அமெரிக்காவில் சேசர் என்ற இன்னொரு பார்டர் காலி 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றது. மூன்று வருடம் தினமும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் ஜான் பில்லி என்ற பேராசிரியர். ஆராய்ச்சி வெளியானது 2011இல். இவை அபூர்வ நாய்கள், நம் வீட்டு நாயை அவற்றோடு ஒப்பிடுவது நியாயமில்லை. நமக்கு உதவுவது ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் அட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர் 2016இல் செய்த வேலை. 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பாராட்டுச் சொல்லையும் சும்மாச் சொல்லையும் பாராட்டுக் குரலிலும் சாதாரணக் குரலிலும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். சொல்லும் குரலும் இரண்டுமே பாராட்டாக இருந்தபோதுதான் நாயின் மூளையில் சந்தோஷப் பகுதி நன்றாக விழித்தது. "நல்ல பையன்" என்று சாதாரணக் குரலில் சொன்னாலும் வேலை ஆகவில்லை, சும்மாச் சொல்லைக் கொஞ்சிச் சொன்னாலும் ஆகவில்லை. கொஞ்சினால் போதும், சொல் எதுவானால் என்ன என்கிறவர்களும், சொல் சரியாக இருந்தால் போதும் என்கிறவர்களும் பாதிதான் சரி.

ஓர் எழுத்து வித்தியாசம்

இந்த விஷயத்தில் எல்லாம் திரும்புகிற இடம் ஒன்று உண்டு. நம்ம வட ஆற்காட்டுப் பேச்சில்தான் அது பளிச்சென்று தெரியும்.

ஒரு வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த நாட்டு நாய், பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது. கேட் பக்கம் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறது. மகள் உள்ளிருந்து "நோ! நோ!" என்கிறாள். நாய் செருப்போடு குதித்துக்கொண்டு அவளிடமே ஓடுகிறது. "பாரு, எவ்ளோ திமிரு" என்று அவளுக்குக் கோபம். இப்போது அந்த நாயின் முதல் இரண்டு மாதத்தை யோசியுங்கள். தெருவில் அதற்குச் சோறு போட்டவர்கள் எல்லாரும் "தோ, தோ, தோ" என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தப் பக்கம் நாயைக் கூப்பிடுகிற சத்தமே அதுதான். வீட்டுக்குள் வந்த பிறகும் அம்மா அடுப்படியிலிருந்து "தோ வரேன்", அப்பா சாவியைத் தேடிவிட்டு "தோ, இங்க கீது" என்று நாளெல்லாம் அதே சத்தம். தோ, நோ. ஒரே நெட்டுயிர், ஒரே நீளம், பெரும்பாலும் இரட்டை இரட்டையாகவே வரும். முன்னால் ஒட்டியிருக்கும் மெய்யெழுத்து மட்டும் வேறு.

அந்த ஓர் எழுத்தை நாய் பொருட்படுத்துமா? இதே புடாபெஸ்ட் குழுவில் லில்லா மாக்யரி என்பவர் 2020இல் சோதித்தார். வீட்டு நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி, தெரிந்த கட்டளைச் சொல், அதிலிருந்து ஒரே ஓர் ஒலி மட்டும் மாறிய வெற்றுச்சொல், முற்றிலும் வேறான வெற்றுச்சொல் என மூன்றையும் ஒலிபரப்பினார். முற்றிலும் வேறானதை நாய்களின் மூளை உடனே பிரித்தது. ஓர் ஒலி மட்டும் மாறியதைத் தெரிந்த சொல்லிலிருந்து பிரித்ததாகத் தெரியவில்லை. நாயின் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டாது என்று இதற்குப் பொருள் இல்லை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுபோகிற கேட்கும் திறன், நாய்க்கு சுமார் 45,000 வரை போகும். காது கேட்கிறது, ஆனால் அத்தனை நுணுக்கத்துக்கு அது கவனம் வைப்பதில்லை என்பதுதான் ஆராய்ச்சி செய்தவர்களின் எண்ணமும். ஆக, அந்தத் திண்ணையில் மகள் "வேண்டாம்" என்கிறாள், நாய் "சோறு, வா" என்று கேட்கிறது. அது கீழ்ப்படிந்து ஓடி வருகிறது. கீழ்ப்படிந்ததற்கு அடி வாங்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

"ச்சூ"வும் இப்படித்தான். நாயை ஏவிவிடுவதும் "சூ", முற்றத்தில் நெல்லைக் கிளறும் கோழியை விரட்டுவதும் "ச்சூ". பாட்டி கோழியை விரட்டினால் நாய் பாய்ந்து கோழியைக் கவ்வுகிறது. நாய் கெட்ட நாய் ஆகிவிடுகிறது.

செத்துப்போகும் பெயர்கள்

பெயர் இன்னும் மோசமாகக் கெடுகிறது. மணி என்று பெயர் வைத்த வீட்டில் "மணி என்ன ஆச்சு?", "மணி பத்தாச்சு, கெளம்பு" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கும்! ஒவ்வொரு தடவையும் நாய் முதலில் நிமிர்ந்து பார்க்கும், எதுவும் நடக்காது. சில வாரத்தில் அந்தச் சத்தம் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும். பிறகு "இன்னாடா, கூப்ட்டா வரமாட்ற?" என்று கேட்டு என்ன பயன்? மணி, ராஜா, கண்ணா, செல்லம் போன்றவை மனிதர்களுக்கும் புழங்குகிற பெயர்கள். நாய்க்கு வைக்காமல் இருப்பது நல்லது. வைத்தாகிவிட்டது என்றால் முன்னால் ஒரு சத்தம் சேர்த்துக்கொள்ளலாம். "டேய்மணி" என்று ஒட்டியே சொன்னால் அது வேறு சொல்.

பெயர் கெடுவதற்கு இன்னொரு வழி, திட்டும்போதெல்லாம் பெயரைச் சொல்வது. குளிப்பாட்ட, ஊசி போட, கட்டிப்போட, எல்லாவற்றுக்கும் அதே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிடித்தால், பெயர் கேட்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். குளிப்பாட்ட வேண்டும் என்றால் கூப்பிடாதீர்கள், நீங்களே போய்ப் பட்டையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சொல்லைத் திருத்த முயல்வது வீண் வேலை. புதுச் சொல் ஒன்றைத் தொடங்குங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்கு 15 துண்டு போடுங்கள். வீட்டுக்குள், டிவி ஓடாத அறையில், நாய் வேறு பக்கம் பார்க்கும்போது பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். திரும்பிய அந்த நொடியே கறி. ஒரு நொடிக்கு மேல் தாமதித்தால், திரும்பியதற்கா, கொட்டாவி விட்டதற்கா, கையைப் பார்த்ததற்கா என்று நாய்க்குத் தெரியாது. 15 துண்டும் தீர்ந்ததும் நிறுத்திவிடுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒரு நாளைக்கு மூன்று முறை. உள்ளே பத்துக்குப் பத்து திரும்பினால் அடுத்து திண்ணை, பிறகு மாடி, கடைசியில்தான் தெரு. பலர் நேரே தெருவில் ஆரம்பிக்கிறார்கள். ஆம்பூர் பிரியாணியில் மிஞ்சிய துண்டை இதற்கு எடுக்காதீர்கள். அதில் இருக்கும் வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும், சமைத்த எலும்பு குடலில் குத்தும். மே மாத வெயிலில் பகலில் பழக்காதீர்கள். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குகிற நாய்க்குக் கறியும் வேண்டாம், சொல்லும் வேண்டாம்.

நம்ம சொல்லே இருக்கிறது

"சிட்"டுக்குப் பதில் எதைச் சொல்வது என்றால் எனக்குத் தயக்கமே இல்லை: குந்து. வல்லின ககரத்தில் வெடித்துத் தொடங்கும், இரண்டே அசை, வேறு கட்டளைச் சொல்லோடு இழையாது. படித்த வீடுகளில் இந்தச் சொல்லை மனிதர்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு ஒதுக்கிவிட்டார்கள். அதனாலேயே நாய்க்கு அது சுத்தமாக, புழங்காமல் கிடைக்கிறது. கூப்பிடுவதற்கு "ஓடியா". வாய் திறந்து சொல்லும் உயிரெழுத்துகள், தூரத்துக்குக் கேட்கும். "படு" நல்ல சொல்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டால் விடு, குடு, போடு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் "டு"வில் முடிகிறவை. வாயில் கவ்வியதைப் போட வைக்க "கீழ" என்று சொல்லலாம். "தா" சொன்னால் அது "வா"வோடு மோதும். "இரு" வேண்டவே வேண்டாம். போனில் "இரு இரு, அப்புறம் பேசறேன்" என்று நாளெல்லாம் சொல்கிற சொல் அது. "நில்லு" போதும். செருப்பைக் கவ்வப் போகும்போது "வேணாம்", ஒரே தடவை, சத்தம் போடாமல். சரியாகச் செய்த கணத்தைக் குறிக்க "சபாஷ்". இதையும் வீட்டில் வேறு யாரிடமும் சொல்வது அபூர்வம். இந்த ஆறேழு சொல்லை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வேலைக்கு வரும் அக்காவுக்கும், விடுமுறைக்கு வரும் பேரனுக்கும் அதே தாள்தான்.

"குந்து" சொல்லிக்கொடுக்கும் வரிசை முக்கியம். கறித் துண்டை மூக்குக்கு நேரே பிடித்து, இரு காதுக்கு நடுவே தலைக்குப் பின்னால் மெல்ல நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகத் தரையில் அமரும். அமர்ந்த நொடி "சபாஷ்", உடனே கறி. துண்டை உயரப் பிடித்தால் குதிக்கத்தான் செய்யும். முதல் பத்துப் பதினைந்து முறை "குந்து" என்ற சொல்லே வரக் கூடாது. அடுத்து, வெறுங்கையால் அதே அசைவு, கறி மற்றக் கையிலிருந்து. இது படிந்த பிறகுதான் சொல். "குந்து" என்று ஒரு முறை சொல்லி, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் கையை அசையுங்கள். சொல்லும் கையும் ஒன்றாக வந்தால் நாய் கையைத்தான் படிக்கும், சொல் காதில் ஏறாது. இருபது முப்பது முறைக்குப் பிறகு, கை அசையும் முன்பே அந்த ஒரு நொடி இடைவெளியில் உட்கார்ந்துவிடும். சொல் புரிந்த கணம் அதுதான். "குந்து குந்து குந்து" என்று அடுக்கினால் மூன்றாவது குந்துதான் கட்டளை என்று கற்றுக்கொள்ளும். சோதித்துப் பார்க்க வேண்டுமா? நாய்க்கு முதுகைக் காட்டி நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள். பத்து வருடம் "சிட்" போட்ட நாய்களில் பலவும் இதில் விழித்துக்கொண்டு நிற்கும். அவை இத்தனை நாள் பார்த்தது நம் ஆள்காட்டி விரலை.

குரலை எப்படி வைப்பது என்பதை வண்டிக்காரர்களிடம் கற்கலாம். ஓட்ட "ஹை ஹை ஹை" என்று குட்டையாக, அடுக்கி, ஏறுகிற குரல். நிறுத்த "ஓஓஓ" என்று நீட்டி இறங்குகிற ஒரே குரல். பல மொழிகள் பேசுகிற, விலங்குகளைப் பழக்குபவர்களின் சத்தங்களைப் பதிவு செய்து பாட்ரீசியா மெக்கானல் என்ற அமெரிக்க ஆய்வாளர் பார்த்தபோது, மொழி எதுவானாலும் இதே வடிவம் வந்தது. "ஓடியா"வை அடுக்கிச் சொல்லலாம். "நில்லு"வை ஒரு முறை, இறக்கி, இழுத்துச் சொல்ல வேண்டும். பதறிப்போய் "நில்லு நில்லு நில்லு" என்று கத்தினால் சொல் நில் என்கிறது, குரல் ஓடு என்கிறது. நாய் குரலைத்தான் கேட்கும். ரோட்டைத் தாண்டி ஓடும் நாய் இன்னும் வேகம் எடுப்பது இதனால்தான்.

வேலூர் பக்கத்துப் பொய்கை சந்தையில் செவ்வாய்க்கிழமை மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்க்கிறார்கள், சுழியைப் பார்க்கிறார்கள், நடையைப் பார்க்கிறார்கள். மாடு எந்தச் சத்தத்துக்குப் பழகியது என்று கேட்பதில்லை. ஆந்திராவின் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த காளை தெலுங்கில் "ரா" என்றால் வரும், "ஆகு" என்றால் நிற்கும். தமிழில் எவ்வளவு கத்தினாலும் அது மிரளும், சாட்டை அடி வாங்கும். கயிறு கைமாறும்போதே, "பேர் என்னங்க, எப்படிக் கூப்புடுவீங்க, நிறுத்த என்ன சொல்வீங்க?" என்று மூன்று கேள்வி கேட்டுவிடலாம். பழைய சொல்லோடு ஒரு மாதம் ஓட்டி, பழையதற்கு ஒரு நொடி முன்னால் புதியதைச் சொல்லிச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். கறவைப் பசுவுக்கும் இது உண்டு. வழக்கமான வாளிச் சத்தமும் வழக்கமான குரலும் கேட்டாலே பால் சுரப்பு தூண்டப்படும். புதுக் குரல் அதட்டினால் பயத்தில் பாலை அடக்கிக்கொள்ளும்.

வாணியம்பாடி, ஆம்பூர் வீடுகளில் உருதுவும் தமிழும், குடியாத்தம் பக்கம் தெலுங்கும் தமிழும் ஒரே கூரையின் கீழ் கேட்கும். நாய் குழம்பாதா என்றால், குழம்பாது. 2022இல் இதே ஹங்கேரிக் குழு, ஸ்பானிஷும் ஹங்கேரியனும் ஒலிக்கும்போது நாய்களின் மூளை இரண்டையும் வேறு வேறாக உணர்வதைக் காட்டியது. கட்டளைக்கான அந்த ஆறேழு சொல் மட்டும் வீட்டில் எல்லார் வாயிலும் ஒன்றாக இருந்தால் போதும்.

பூனையும் மற்ற சத்தங்களும்

பூனைக்குப் பெயர் தெரியாது என்பது பழி. ஜப்பானில் அட்சுகோ சைட்டோ 2019இல் எழுதியபடி, அதே மாதிரி ஒலிக்கும் வேறு சொற்களுக்கு நடுவிலிருந்து தன் பெயரைப் பூனை பிரித்துக்கொள்கிறது, அந்நியர் குரலில் சொன்னாலும்கூட. பதில்தான் சின்னது. கூப்பிட்டால் உடம்பு அசையாது, ஒரு காது மட்டும் நம் பக்கம் சுழலும். அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். "பூஸ் பூஸ்" என்ற அழைப்பு வேலை செய்வதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பூனையின் கேட்கும் திறன் நாயையும் தாண்டி மேலே போகிறது, எலியின் கீச்சுக்காகவே அமைந்த காது அது. அந்த "ஸ்" அதற்கு இனிப்பு.

சொல்லித்தராமலே இவை கற்கும் சத்தங்கள் இன்னும் அதிகம். நூறு பைக் போகிற தெருவில் வீட்டுக்காரர் பைக் திரும்பும் சத்தம், பால் பாக்கெட்டின் நுனியைக் கத்தரிக்கும் சத்தம், கேட் கொக்கி. பட்டாசும் அப்படித்தான் படிகிறது, பயமாக. தீபாவளிக்கும், சித்ரா பௌர்ணமி அன்று வேலூரில் புஷ்பப் பல்லக்கு போகும் இரவுக்கும், குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கும் இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். பட்டாசுப் பதிவை, நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுத் தின்பதைத் தொடரும் அளவுக்கு மெல்ல வைத்து, பத்து நிமிடம் கறி போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு படி ஏற்றுங்கள். தின்பதை நிறுத்தினால் ஏற்றியது அதிகம் என்று பொருள், இரண்டு படி இறங்குங்கள். திருவிழா அன்று பழக்கத் தொடங்கினால் பயம்தான் பழகும்.

முழு வெள்ளையில் மூக்கும் இளஞ்சிவப்பாக இருக்கும் ராஜபாளையம் குட்டிகளில் பிறவியிலேயே காது கேட்காதவை உண்டு. வாங்கும் முன், குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து, தரை அதிராமல், காற்று படாமல், சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காது கேட்காத குட்டிக்கும் எல்லாம் சொல்லித்தரலாம், கைச்சாடையில்.

எந்த நாய்க்குமே சொல்லோடு சேர்த்துத் தனியாக ஒரு கைச்சாடையும் பழக்கி வைப்பது நல்லது. எட்டுப் பத்து வயதுக்கு மேல் காது மங்கும்போது மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் முதலில் போகும். மகளின் "ஓடியா" கேட்காது, தாத்தாவின் கனத்த குரல் கேட்கும். அதுவும் போன பிறகு திண்ணையில் படுத்திருக்கும் கிழ நாயைத் திடீரென்று தொட்டு எழுப்பாதீர்கள், பயத்தில் கடித்துவிடும். எட்ட நின்று உள்ளங்கையால் தரையை இரண்டு முறை தட்டுங்கள். அதிர்வு போய்ச் சேரும். தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும். அப்போது கையைக் காட்டுங்கள்.